கிணறு 114

எனக்கு மறதி அதிகம் சார். மளிகைக் கடைக்குப் போனால் பாதிச் சாமானை விட்டுவிட்டு வந்து நிற்பேன். அதனால்தான் போனில் எழுதி வைக்கத் தொடங்கினேன். மகள் கலைமதிக்கு எந்த மாத்திரை ஆகாது, வண்டிக்கு எப்போது ஆயில் மாற்றினேன், எதைத் தேடினாலும் நொடியில் வரும். தொழிலுக்குத் தனிப் பகுதி. மாரண்டஹள்ளியைச் சுற்றி நான் மோட்டார் பழுது பார்த்த கிணறுகள் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு குறிப்பு: எத்தனை அடி, எந்தப் படி உடைந்திருக்கிறது, உள்ளே காற்று எப்படி.

நஞ்சப்பன் என்னிடம் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். "அண்ணன் பொண்டாட்டி பேரக்கூட போன்ல பாத்துத்தான் கூப்புடுவாரு" என்று டீக்கடையில் எல்லோரையும் சிரிக்க வைப்பான். நானும் சிரிப்பேன். தனிக்கடை போட்ட பிறகும், கிணற்றில் இறங்கும்முன் எனக்குத்தான் போன் செய்வான். நானும் பார்த்துச் சொல்வேன். ஊரோ, "நஞ்சப்பனுக்கு ஒவ்வொரு கெணறும் அவன் வூடு மாதிரி" என்றது. என் காதுபடவே சொன்னார்கள். வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

போன செவ்வாய் காலை பத்தரைக்குக் கூப்பிட்டான்.

"அண்ணா, கோகிலவாணி அக்கா புதுசா வாங்குன நெலத்துல இருக்கற கெணறு. எறங்கலாங்களா? உங்க நோட்டுல என்ன போட்டிருக்குது?"

அது 114. 'அடியில் விஷவாயு. விளக்கை இறக்கினால் அணைகிறது. ஆள் இறங்கக் கூடாது.' நிலத்தின் பழைய உரிமையாளர் காலத்தில் நான் எழுதியது.

"இருப்பா, பாக்கறேன்" என்றேன். அந்த வரிகளை அழித்தேன். பிறகு, "நோட்டுல ஒண்ணும் இல்லப்பா" என்றேன். நான் பொய் பேசுகிறவன் இல்லை. அந்த நேரத்தில் அதில் ஒன்றும் இல்லை.

"அப்பச் சரிங்கண்ணா" என்று வைத்துவிட்டான். விளக்குகூட இறக்கிப் பார்க்கவில்லையாம். என் குறிப்பின்மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

பதினொன்றரைக்குக் கோகிலவாணி கூப்பிட்டார். "மேல இருந்து கத்தறோம், ஆளு பேச மாட்டேங்கறாருங்க." யாரும் இறங்க வேண்டாம், தீயணைப்புக்குச் சொல்லுங்கள் என்றேன். போனை வைத்ததும் அந்த வரிகளைத் திரும்ப எழுதினேன்.

அழித்த நேரமும் எழுதிய நேரமும் போனுக்குள்ளே பதிவாகும் என்பது இந்த ஸ்டேஷனில் நீங்கள் காட்டித்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பேன் சார். குறிப்பில் பிழை இருக்கலாமா? அதை நம்பி யாராவது இறங்கிவிட்டால் என்ன ஆவது.