நாலாவது குழல்

யோசெப்பின்: கிட்டப் போகாதேங்கோ அண்ணை! வெடிச்சுக் கிடிச்சுப் போயிடும்...

அருமைநாதன்: வெடிக்காது தங்கச்சி. பாருங்கோ, விசையிலை பூட்டுப் போட்டிருக்கு. உள்ளுக்குக் குண்டும் இல்லை. தண்ணி கொதிக்க வைக்கிற உங்கடை கேத்திலைவிட இது பாதுகாப்பு.

யோசெப்பின்: பகிடி விடுற நேரமோ இது? புருசனைச் சேமக்காலையிலை அடக்கம் பண்ணி மூண்டு கிழமை ஆகேல்லை. முப்பத்தொராம் நாள் பூசைக்கு வீட்டை ஒதுக்குவமெண்டு கட்டிலுக்குக் கீழை கையை விட்டன். ஒரு சூட்கேஸ். அவரின்ரை திறப்புக் கொத்திலை கிடந்த சின்னத் திறப்பாலை திறந்தால்... றிவோல்வர்! என்ரை வீட்டிலை! நான் படுக்கிற கட்டிலுக்குக் கீழை!

அருமைநாதன்: அலுமாரிக்குள்ளை வையடா எண்டு சொன்னனான்...

யோசெப்பின்: என்ன?

அருமைநாதன்: ஒண்டுமில்லை. நீங்கள் சொல்லுங்கோ.

யோசெப்பின்: இல்லை, என்னவோ சொன்னியள். அப்ப உங்களுக்குத் தெரியும்? அருமை அண்ணை!

அருமைநாதன்: தெரியும்.

யோசெப்பின்: மாதாவே!

அருமைநாதன்: முதல் இருங்கோ. நானும் இருக்கிறன். தோள் இன்னும் நோகுது. சவப்பெட்டி தூக்கின அண்டையிலை இருந்து... உங்கடை றெனோல்ட் இவ்வளவு பாரமெண்டு நான் நினைக்கேல்லை.

யோசெப்பின்: கதையை மாத்தாதேங்கோ. எப்பிடித் தெரியும்?

அருமைநாதன்: சனிக்கிழமையளிலை ரண்டு பேரும்தான் போறனாங்கள். லவால் பக்கம் ஒரு கிளப். கடுதாசியிலை வட்டம் கீறி இருக்கும். அதுக்குச் சுடுறது. மனிசருக்கில்லை, மிருகத்துக்குமில்லை. கடுதாசிக்கு.

யோசெப்பின்: ஓவர்டைம் எண்டெல்லோ சொல்லிப்போட்டுப் போனவர்!

அருமைநாதன்: ஓவர்டைம் இல்லை.

யோசெப்பின்: அப்ப... பொம்பிளை இல்லையோ?

அருமைநாதன்: எந்தப் பொம்பிளை?

யோசெப்பின்: ரண்டு வருசமாய் ஒருத்தியைத் தேடினனான் அண்ணை. சனிக்கிழமை பின்னேரம் அவர் கழட்டிப்போடுற சேட்டை எடுத்து மணந்து பாப்பன். சென்ட் மணக்காது. எண்ணெய்தான் மணக்கும். கார் திருத்துற கராச்சிலை வேலை செய்யிற பொம்பிளையாக்கும் எண்டு நினைச்சன்.

அருமைநாதன்: அது துவக்குத் துடைக்கிற எண்ணெய்...

யோசெப்பின்: சிரிக்கிறியள் என்ன? பொம்பிளையெண்டால்கூட ஒரு மாதிரித் தாங்கியிருப்பன். துவக்கு! ஊரிலை, எங்கடை பாசையூரிலை, பின்னேரமானால் துவக்குச் சத்தம். அது கேக்கேலாமல்தானே சின்னப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு இஞ்சை ஓடி வந்தனாங்கள். வந்த மனிசன் காசு குடுத்து ஒண்டு வாங்கி வைச்சிருக்கிறார்!

அருமைநாதன்: அவன் அதைத் துவக்கெண்டு வாங்கேல்லைத் தங்கச்சி. மெசினெண்டுதான் வாங்கினவன். உண்மையாய்ச் சொல்லுறன், சுட்டதைவிடக் கழட்டிப் பூட்டினதுதான் கூட.

யோசெப்பின்: நல்ல கதை.

அருமைநாதன்: சரி, இப்ப இதை நான் கொண்டுபோறன். எனக்கு லைசென்ஸ் இருக்கு. பேப்பர் வேலையளைப் பேந்து...

யோசெப்பின்: கொண்டுபோகேலாது. பொலிசுக்குப் போன் அடிச்சிட்டன்.

அருமைநாதன்: என்ன!

யோசெப்பின்: உங்களுக்கு அடிக்க முதலே அடிச்சிட்டன். ஒருத்தி "போன்ஜூர்" எண்டாள். "மிசியே மோர், றிவோல்வர் லா" எண்டன். எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு அவ்வளவுதான்.

அருமைநாதன்: ஐயோ! ஐயா செத்துப்போனார், றிவோல்வர் இஞ்சை இருக்கெண்டு சொன்னால் அவள் என்ன நினைப்பாள்?

யோசெப்பின்: அதுதான் நினைச்சிட்டாள். ஒரே கத்தல். ஷெரோன் ஓடி வந்து போனைப் பறிச்சு, அப்பா மாரடைப்பிலை மோசம் போனவர், இது வேறை கதையெண்டு விளங்கப்படுத்தினவள். அம்மா, நீ இனிப் போன் தொடாதையெண்டு ஏசிப்போட்டுத்தான் பள்ளிக்கூடம் போனவள்.

அருமைநாதன்: எப்ப வருவினமாம்?

யோசெப்பின்: மத்தியானம் ஆளனுப்புறம், ஒண்டையும் தொடாதேங்கோ எண்டவையாம்.

அருமைநாதன்: மத்தியானம்... இப்பவே பதினொண்டு தாண்டீட்டுது. சரி. பயப்பட ஒண்டுமில்லை. துவக்குப் பதிஞ்சது. லைசென்ஸ் இருக்கு. எல்லாம் சட்டப்படி. நீங்களும் கையெழுத்து வைச்சிருக்கிறியள்.

யோசெப்பின்: நானோ!

அருமைநாதன்: லைசென்ஸுக்கு மனிசியின்ரை கையெழுத்துக் கேக்கும்.

யோசெப்பின்: பொறுங்கோ... அந்த இன்சூரன்ஸ் பேப்பரோ? நான் மீன் வெட்டிக்கொண்டு நிக்கேக்கை, "இதிலை ஒருக்கா வையும்" எண்டு பின்னாலை வந்து நிண்டவர். கையைக்கூடக் கழுவேல்லை!

அருமைநாதன்: அதுதான் அந்தப் பேப்பரிலை சூடைமீன் மணம்...

யோசெப்பின்: அண்ணை!

அருமைநாதன்: சரி சரி. பெட்டியை ஒருக்கால் முழுக்கத் திறவுங்கோ. அவையள் வர முதல் நான் பாக்கோணும். ம்... பத்தங்குலம், எட்டு, ஆறு... இது உறை... கேஜ் தகடு, சாவி...

யோசெப்பின்: என்ன, நிப்பாட்டிப் போட்டியள்?

அருமைநாதன்: நாலாவது எங்கை?

யோசெப்பின்: எது நாலாவது?

அருமைநாதன்: பாருங்கோ, பஞ்சிலை நாலு பள்ளம் வெட்டிக் கிடக்கு. துவக்கிலை பூட்டிக் கிடக்கிறதோடை சேத்து மூண்டுக்குச் சாமான் இருக்கு. இந்தச் சின்னப் பள்ளம் வெறுமை. நீங்கள் இதுக்குள்ளை இருந்து ஏதும் எடுத்தனீங்களோ?

யோசெப்பின்: நான் திறந்தன், கத்தினன், மூடினன். கையே வைக்கேல்லை. என்ன இருந்தது அதுக்குள்ளை?

அருமைநாதன்: அது... சொன்னால் விளங்காது. காட்டுறன். மற்ற றிவோல்வரிலை குழல் பிறந்த நாளிலை இருந்து சாகிற நாள்மட்டும் ஒண்டுதான். கழட்டேலாது. இது அப்பிடியில்லை. இது ஒரு உடம்பு, நாலு குழல். வேண்டியதை மாத்தலாம். இந்தச் சாவியை முன்னுக்கு இப்பிடி வைச்சுத் திருப்பினால்...

யோசெப்பின்: தொடாதேங்கோ எண்டவையெல்லோ!

அருமைநாதன்: திரும்பப் பூட்டி வைப்பன். பாருங்கோ, முன்நட்டுக் கழருது. இப்ப உறை வருது. இது வெறும் உறை, தலைகாணி உறை மாதிரி. சுடுற வேலை இதுக்கு இல்லை. உள்ளுக்கு இருக்கிறதுதான் குழல். இதையும் திருப்பினால்... ஆ. கையோடை வந்திட்டுது. பிடிச்சுப் பாருங்கோ.

யோசெப்பின்: ஐயோ, எனக்கு வேண்டாம்.

அருமைநாதன்: கடிக்காது, பிடியுங்கோ. ரண்டு பக்கமும் புரி வெட்டியிருக்கு. ஒரு பக்கம் உடம்புக்கு, மற்றப் பக்கம் நட்டுக்கு. வெளிச்சத்துக்கு நேரை பிடிச்சு ஓட்டைக்குள்ளாலை பாருங்கோ. சுருள் சுருளாய் ஒரு வரி ஓடுதோ? குண்டு அதிலை சுழண்டு சுழண்டு வரும். சுழண்டால்தான் நேராய்ப் போகும். வடிவெல்லோ? தங்கச்சி?

யோசெப்பின்: ஓம்... வடிவாத்தான் இருக்கு.

அருமைநாதன்: முகம் ஏன் ஒரு மாதிரிப் போட்டுது? தண்ணி கொண்டரட்டோ?

யோசெப்பின்: வேண்டாம். காலமை சாப்பிடேல்லை, அதுதான். நீங்கள் சொல்லுங்கோ. அந்த நாலாவதும்... இப்பிடித்தானோ இருக்கும்?

அருமைநாதன்: இதேதான். ஆனால் கட்டை. உங்கடை நடுவிரலைவிடக் கொஞ்சம் குறைவு. ஒருத்தருக்கு என்னெண்டு சொல்லாட்டி ஏதோ பைப் துண்டெண்டுதான் நினைப்பினம்.

யோசெப்பின்: ஓம். அப்பிடித்தான் நினைப்பினம்.

அருமைநாதன்: இப்ப திரும்பப் பூட்டுறதைப் பாருங்கோ, அவனுக்கு இதுதான் பிடிச்ச இடம். குழலை உள்ளுக்குத் திருப்பேக்கை, குண்டு போடுற உருளைக்கும் குழலுக்கும் இடையிலை இந்த மெல்லிசுத் தகட்டை வைக்கிறது. குழல் வந்து தகட்டிலை முட்டோணும், ஆனால் தகடு இழுபடவும் வேணும். கூட இடைவெளி விட்டால் புகை பக்கத்தாலை போகும். குறைச்சால் உருளை இறுகும். பிறகு உறையைப் போட்டு நட்டை இறுக்குறது. இறுக்கேக்கை குழல் ரண்டு பக்கத்தாலையும் இழுபடும். உங்கடை பல்கனியிலை உடுப்புக் காயப்போடுற கம்பி தொய்ஞ்சால் ஆடும். இழுத்துக் கட்டினால் ஆடாது. அவ்வளவுதான் சங்கதி.

யோசெப்பின்: அவர் உந்தக் கம்பியை இழுத்துக் கட்டேக்கை, தனியச் சிரிச்சவர்.

அருமைநாதன்: சிரிப்பான். நாள் முழுக்க ரண்டு பேரும் சென்ட் லோரன்ட் பக்டரியிலை பிளேனுக்குச் சாமான் கடையுறம். எந்தப் பிளேனிலை போகுதெண்டே தெரியாது. இது அவன்ரை கையிலையே பூட்டி, அவன்ரை கையிலையே கழண்டு வரும்.

யோசெப்பின்: வேலையிலை பிழைச்சுப்போன சாமானெல்லாம் வீட்டை கொண்டருவார் அண்ணை. அந்தா, மாதாவுக்கு முன்னாலை மெழுகுதிரி குத்தியிருக்கிற வளையம் அவர் கடைஞ்சதுதான். பொக்கற்றுக்குள்ளை எப்பவும் ஏதும் ஒரு துண்டு கிடக்கும். நான் உடுப்புத் தோய்க்கேக்கை எடுத்து வைப்பன்.

அருமைநாதன்: பொக்கற்... தங்கச்சி, அவன் அண்டைக்குப் போட்டிருந்த நீலக் கோட்டு எங்கை?

யோசெப்பின்: ஏன்?

அருமைநாதன்: சும்மா. அக்காடி மெட்ரோப் படியிலை விழேக்கை அதுதானே போட்டிருந்தவன். ஆசுப்பத்திரியாலை தந்தவையோ?

யோசெப்பின்: தந்தவை. ஒரு பிளாஸ்ரிக் பையிலை. கோட்டு, சப்பாத்து, சாப்பாட்டுப் பெட்டி. சோறு அப்பிடியே கிடந்தது.

அருமைநாதன்: இப்ப எங்கை அது?

யோசெப்பின்: கோயிலுக்குக் குடுத்திட்டன். புதுசாய் வந்த ஆக்களுக்குக் குளிருடுப்புச் சேத்தவை.

அருமைநாதன்: கோயிலுக்கோ! ஐயோ கடவுளே, பொக்கற்றைப் பாக்காமலோ?

யோசெப்பின்: ஏனண்ணை இப்பிடிப் பதறுறியள்? எல்லாம் சட்டப்படியெண்டுதானே சொன்னியள்?

அருமைநாதன்: துவக்குச் சட்டப்படி. இந்த மூண்டு நீட்டுக் குழலும் சட்டப்படி. அந்தக் கட்டைக் குழல்தான்... இந்த நாட்டிலை கட்டைக் குழலைத் தனிய வைச்சிருந்தாலே குற்றம். அதைப் பூட்டினால் துவக்கு மடிக்குள்ளை ஒளிக்கிற அளவுக்கு வந்திடும். அதுதான் தடை.

யோசெப்பின்: குற்றமெண்டால்? பிடிச்சு மறியலிலை போடுவினமோ?

அருமைநாதன்: போடலாம். அவன் இல்லை. வீடு உங்கடை பேரிலை. நீங்களோ இன்னும் சிற்றிசன்சிப் சோதினை எழுதேல்லை...

யோசெப்பின்: அந்தோனியாரே!

அருமைநாதன்: பாருங்கோ, கட்டை உறை இஞ்சை கிடக்கு. வாறவனுக்கு இதைப்பற்றித் தெரியுமெண்டால், உறை இருக்கு, குழல் எங்கையெண்டு கட்டாயம் கேப்பான். உறையை நான் கொண்டுபோவன். குழல் அம்பிடோணும். எல்லா இடமும் தேடுவம். குசினி, மேசை லாச்சி, கட்டிலுக்குக் கீழை...

யோசெப்பின்: அண்ணை.

அருமைநாதன்: எழும்புங்கோ தங்கச்சி. நேரமில்லை.

யோசெப்பின்: ஒருதரும் எடுக்கேலாத இடத்திலை அது இருந்தால்?

அருமைநாதன்: அப்பிடி ஒரு இடம் இருக்கோ? ஆத்திலை போட்டால்கூடத் துறைமுகத்திலை தோண்டேக்கை வந்திடும்.

யோசெப்பின்: இருந்தால்?

அருமைநாதன்: இருந்தால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

யோசெப்பின்: உங்களுக்கு ஏன் நிம்மதி? ஐப்பசிக் குளிரிலை ஏன் இப்பிடி வேர்க்குது உங்களுக்கு? என்ரை நடுவிரலைவிடக் குறைவெண்டு அளவு சொன்னியள். அவர் காட்டித் தெரிஞ்ச கதை மாதிரியில்லை அது, கையிலை வைச்சிருந்த ஆளின்ரை கதை.

அருமைநாதன்: வெளியிலை கார் சத்தம் கேக்குதோ?

யோசெப்பின்: பக்கத்து வீட்டுக்காரன். சொல்லுங்கோ.

அருமைநாதன்: ...நான்தான் கொண்டந்து குடுத்தனான்.

யோசெப்பின்: நீங்களோ!

அருமைநாதன்: அவன்ரை பிறந்தநாளுக்கு. மூண்டை வைச்சுக்கொண்டு அந்த வெறும் பள்ளத்தையே பாத்துக்கொண்டிருப்பான். செட் நிறையேல்லை, செட் நிறையேல்லை எண்டு. அமெரிக்காவுக்குப் போகேக்கை ஒரு சந்தையிலை கண்டன். சப்பாத்துக்குள்ளை வைச்சுக்கொண்டு போடரைத் தாண்டி வந்தன். அவன் அழுதிட்டான் தங்கச்சி. பள்ளத்திலை வைச்சுப் பாத்து அழுதிட்டான்.

யோசெப்பின்: எனக்கு முன்னாலை ஒரு நாளும் அழாத மனிசன்...

அருமைநாதன்: பிறகு எனக்குத்தான் பயம் பிடிச்சுது. இரவிலை நித்திரை இல்லை. திருப்பித் தாடா, ஆத்திலை எறிவம் எண்டன். சரி, திங்கக்கிழமை வேலைக்குக் கொண்டாறன் எண்டவன். அந்தத் திங்கக்கிழமைதான்...

யோசெப்பின்: திங்கக்கிழமைதான் விழுந்தவர்.

அருமைநாதன்: இப்ப கோட்டு எந்தப் பிள்ளையின்ரை முதுகிலையோ! பொக்கற்றுக்குள்ளை அது கிடந்தால், அந்தப் பிள்ளை பிடிபட்டால்...

யோசெப்பின்: கோட்டிலை இல்லை. பொக்கற்றைத் தடவிப் பாத்துத்தான் குடுத்தனான்.

அருமைநாதன்: அப்ப கண்டனீங்கள்!

யோசெப்பின்: கண்டனான். என்னெண்டு தெரியாமல் கண்டனான். இப்ப நீங்கள் அந்தக் குழலைக் கையிலை தரேக்கைதான் தெரிஞ்சுது.

அருமைநாதன்: அப்ப முதலே சொல்லியிருக்கலாமே! எங்கை வைச்சனீங்கள்? கெதியாச் சொல்லுங்கோ, கீழை கார்க்கதவு அடிச்சுச் சாத்துது. இந்த முறை அவையள்தான். வீட்டுக்குள்ளையோ இருக்கு?

யோசெப்பின்: வீட்டுக்குள்ளை இல்லை.

அருமைநாதன்: அப்ப எங்கை?

யோசெப்பின்: உள்ளுக்கை அந்தச் சுருள் வரியைப் பாத்திட்டு, பிளேன் சாமானெண்டு நினைச்சன் அண்ணை, அவரின்ரை கையாலை கடைஞ்ச கடைசிச் சாமானெண்டு... சவப்பெட்டி மூட முதல் செபமாலையோடை சேத்து அவரின்ரை கையுக்குள்ளை வைச்சு விரலை மடிச்சு விட்டனான். சேமக்காலை வரைக்கும் முன்னுக்குப் பிடிச்சுத் தூக்கினது நீங்கள்தானே.