வளைவில் தெரிந்த பச்சைக் கொடி

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் எழுதியிருப்பது சரி. வயது நாற்பத்தாறு. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். பனிக்காலத்தில் மலையைப் பார்க்க வருகிறவர்களுக்காக ஓடும் ரயிலில் பதினோரு வருடமாக டீ விற்கிறேன். என் வீட்டுக்காரர் அதே ரயிலில் கார்டு. ஓட்டுநர் எங்களுக்குச் சொந்தமில்லை, ஆனாலும் என்னை அக்கா என்றும் அவரை மாமா என்றும்தான் கூப்பிடுவார்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டி கிளம்பியது. சுரங்கத்தைத் தாண்டி, பாலத்துக்கு முன்னால் உள்ள வளைவில், பயணிகள் படம் எடுப்பதற்காகப் பத்து நிமிடம் நிறுத்துவது வழக்கம். பின்னால் பனி தள்ளும் எஞ்சின் வந்தால் நிறுத்துவதற்காகக் கார்டு மட்டும் சிவப்புக் கொடியோடு இறங்கிப் பின்பக்கம் நடந்து போய் நிற்க வேண்டும். ஓட்டுநர் ஊதியதும் திரும்பி வந்து ஏறி, கடைசிப் பெட்டியிலிருந்து பச்சைக் கொடி காட்ட வேண்டும். ஓட்டுநர் உட்காரும் பக்கத்திலிருந்து பார்த்தால் கடைசிப் பெட்டி தெரியாது. முதல் பெட்டியில் நான் நிற்கும் பக்கத்திலிருந்து தெரியும். அதனால் நான் பார்த்துச் சொல்வேன். அது என் வேலை இல்லை. பழகிப் போய்விட்டது.

அன்று ஒரு பயணி கார்டு கோட்டையும் தொப்பியையும் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறார். யார் கேட்டாலும் இவர் கொடுப்பார். "கோட்டு உங்களுக்கா, ஊருக்கா?" என்று நான் கிண்டல் செய்வேன். "நம்மளை யாரு படம் புடிக்கப் போறா, கோட்டாவது நாலு வீட்டுச் சுவத்துல தொங்கட்டுமே" என்பார். எப்போதும் மேல் ஸ்டேஷனில்தான் கொடுப்பார். அன்று வழியிலேயே கொடுத்துவிட்டு வெறும் ஸ்வெட்டரோடு இறங்கியது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு ஓட்டுநர் ஊதிவிட்டு, "மாமா ஏறிட்டாரா அக்கா?" என்று கேட்டார். நான் எட்டிப் பார்த்தேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. கடைசி வாசலில் அவர் கோட்டும் தொப்பியும் தெரிந்தன. ஒரு கை பச்சைக் கொடியை ஆட்டியது. "ஏறியாச்சு, கொடி காட்டுறாரு, விடு தம்பி" என்றேன்.

அதன் பிறகு பெட்டி பெட்டியாக டீ ஊற்றிக்கொண்டு, அவருக்குச் சர்க்கரை போடாத டீயுடன் கடைசிப் பெட்டிக்குப் போனேன். மேற்படி பயணி கோட்டோடு உட்கார்ந்திருந்தார். "இவரு எங்க சார்?" என்று கேட்டேன். "இறங்கினாரேம்மா. வேற பெட்டியில ஏறியிருப்பாருன்னு நெனச்சேன். இங்க இருந்த கொடிய நான் படத்துக்குத்தான் ஆட்டினேன்" என்றார்.

சங்கிலியை நான்தான் இழுத்தேன். அதற்குள் இருபது நிமிடம் ஆகியிருந்தது. பின்னால் போக ஸ்டேஷனில் அனுமதி கிடைக்க இன்னும் நாற்பது நிமிடம் ஆனது. போய்ப் பார்த்தபோது சிவப்புக் கொடி பனியில் நட்டபடி இருந்தது. அவர் இல்லை. கால் தடமும் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஓட்டுநரை இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் பிடித்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு இன்று நானாக வந்தேன். வண்டியை விடச் சொன்னது நான். அந்தப் பயணி மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஏமாந்த கண் என்னுடையது. ஓட்டுநரை விட்டுவிடுங்கள்.

இன்றோடு நான்கு நாள். நேற்று மாலையோடு தேடுவதை நிறுத்திவிட்டார்கள். சுரங்கத்துக்கு மேலே கூலிக்காரர்கள் தங்கிய பழைய கொட்டகை ஒன்று இருக்கிறது. மழைக்கு அங்கே ஒதுங்கியதாக என் வீட்டுக்காரர் ஒரு முறை சொல்லியிருக்கிறார். பனி இடுப்பளவு கிடக்கிறது என்று யாரும் அங்கே ஏறிப் பார்க்கவில்லை. என்னை அடைப்பதானால் அடையுங்கள், அதற்கு முன்னால் நாலு பேரை என்னோடு அனுப்புங்கள். நான் முன்னால் நடக்கிறேன்.

சொன்னதை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எல்லாம் நடந்ததுதான், யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. ஒரு இடத்தில் 'இறந்துபோன கணவர்' என்று எழுதியிருந்தது. அதை அடிக்கச் சொன்னேன். அடித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

(ஒப்பம்)