பூனைக்கும் ஏகாதசி

குழந்தைகளே, நேற்று நாச்சாரம் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு தமிழ்த் தம்பதி. மடியில் கூடை, அதற்குள் அவர்களுடைய சர்க்கரை நோய்ப் பூனை துவண்டு கிடந்தது.

“காலையில ஊசி போட்டீங்களா?” என்றார் அந்த அம்மா.

“போட்டாச்சு.”

“சோறு?”

“ஏகாதசின்னு நீதான் அடுப்பே பத்த வைக்கலையே!”

“பூனைக்கு ஏதுங்க ஏகாதசி? வெறும் வயித்துல ஊசி போட்டா சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும். செத்துடும்ங்க!”

அந்த அம்மா தன் பையிலிருந்த கோயில் பிரசாதச் சர்க்கரையைத் தொட்டு அதன் ஈறில் தடவினார்.

“சர்க்கரை வியாதிக்குச் சர்க்கரையா? பைத்தியமா உனக்கு?”

“டாக்டர் சொன்னதுதான். கூடையைப் பிடிங்க.”

ஹப்சிகுடா நிறுத்தம் வருவதற்குள் பூனை மெல்லக் கத்தியது.

சர்க்கரை நோய்க்குச் சர்க்கரை எப்படி மருந்தாகும்? எனக்கு இன்னும் விளங்கவில்லை. நம் வீட்டிலும் நேற்று ஏகாதசி. யாரிடமும் சொல்லாமல், நம் நாய்க்கு மட்டும் அடுப்பைப் பற்றவைத்தேன்.