பன்னிரண்டாவது கம்பம்

உயிருள்ள டெலிபோன் கம்பி புளிக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. நாக்கு நுனியில் வைத்தால் நெல்லிக்காயைக் கடித்த மாதிரி ஒரு சுருக். செத்த கம்பி வெறும் இரும்பு. லைன்மேன் பொன்னுச்சாமியாகிய என் கருவிகள் இந்த நாக்கும் ஒரு குறடும்தான். பன்னிரண்டாவது கம்பத்தடியில் நீங்கள் எடுத்த குறடு என்னுடையது.

கவுஞ்சிக்கு 1961இல் டெலிபோன் வந்தது. ஊருக்கே ஒன்று, பூண்டு மண்டியில். முதல்முறை அது செத்தபோது போய்ச் சரிசெய்தேன். அந்தக் கைதட்டலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும், ஐயா. டெலிபோனுக்கு மாலை, எனக்குக் கோழிக்குழம்பு. மண்டிக்கார முருகம்மாள், "ஏலே, இங்க வந்து பாருங்க, கம்பிய நக்கியே நோக்காட்டக் கண்டுபிடிக்கிறாரு" என்று ஊரைக் கூட்டினார். கொடைக்கானல் வரை கால் தரையில் படாமல்தான் திரும்பினேன். என்னை அதற்குமுன் யாரும் அண்ணாந்து பார்த்ததில்லை.

அப்புறம் ஒன்றரை மாதம் லைன் சாகவே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. நானே போய்க் கம்பியைக் கழற்றினேன். மொத்தம் ஒன்பது முறை.

கடைசி முறையும் அப்படித்தான். சாயங்காலம் பன்னிரண்டாவது கம்பத்தில் கழற்றிவிட்டு வந்தேன். காலையில் ஆபீசே என்னை அனுப்பியது. ஊர் எல்லையில் மலைச்சாமி ஓடிவந்தார்.

"அண்ணே, வெரசா வாங்க. எம் பொண்டாட்டி வேலுத்தாய்க்கு நேத்திருந்து வலி. பிள்ள குறுக்க கெடக்காம். போன் பேசுனாத்தான் ஆஸ்பத்திரி ஜீப்பு வரும்."

நேராகப் பன்னிரண்டாவது கம்பத்துக்குப் போயிருக்கலாம். போனால், இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று ஊர் கேட்காதா? தொழிலுக்கு ஒரு முறை உண்டு. மண்டி வாசலில் இருந்த முதல் கம்பத்தில் ஏணியைச் சாத்தினேன். ஏறினேன், நக்கினேன், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இறங்கினேன். இரண்டாவது, மூன்றாவது. ஊரே பின்னால் வந்தது. அவ்வளவு கூட்டம் எனக்கு என்றைக்கும் கூடியதில்லை. சந்தோஷம் தாங்கவில்லை, மறைப்பானேன். கம்பத்துக்குக் கம்பம் ஏணியைத் தூக்கிவந்து பிடித்தது மலைச்சாமிதான். துளி ஆடவில்லை. நல்ல மனிதர்.

இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் ஜீப் வந்தே திரும்பியிருக்கும். பன்னிரண்டாவதில் நாக்கு புளித்தது. கம்பியை முறுக்கிவிட்டு, "லைன் வந்திருச்சு" என்று மேலிருந்து கத்தினேன். கைதட்டினார்கள். தட்டல் அடங்கியபோது வேலுத்தாய் வீட்டுப் பக்கம் ஒப்பாரி கேட்டது. தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது.

இரண்டு உயிரையும் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். லைனை நான்தான் சரிசெய்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அத்தனை பேரில் கைதட்டாதது மலைச்சாமி ஒருவர்தான். ஏணியைப் பிடித்திருந்தார் அல்லவா, அதனால்தான்.