மாலை நாலு மணி உயரம்

காலையில் எல்லோரும் கொஞ்சம் உயரமாக இருப்பார்கள். படுத்து எழுந்த முதுகு நீண்டிருக்கும். சாயங்காலத்துக்குள் அரை அங்குலம் வரை இறங்கிவிடும். உயரமானவர்களுக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும், எனக்கும் என் தம்பி கோல்பிக்கும்.

தம்பி என்றால் ஒன்பது நிமிடத் தம்பி. அச்சில் வார்த்த மாதிரி இரட்டையர். ஹெண்டர்சன் ஊரில் எங்கள் தெருக்காரர்களில் பாதிப் பேர் இன்றும் என்னைக் கோல்பி என்றும் அவனை டேனர் என்றும் கூப்பிட்டுக் கையாட்டுகிறார்கள். நாங்களும் திருத்தாமல் கையாட்டிவிடுவோம். அவனுக்காகப் பள்ளியில் நான் கணக்குப் பரீட்சை எழுதினேன். எனக்காக அவன் கார் ஓட்டும் தேர்வுக்குப் போனான். இரட்டையர் வீட்டில் இதெல்லாம் சட்டை மாற்றிப் போட்டுக்கொள்வது மாதிரி. நீங்கள் இன்ஷூரன்ஸ் விசாரணை அதிகாரி, உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றலாம்.

எங்கள் சமையலறைக் கதவு நிலையைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அம்மா எங்கள் தலைமேல் ஒரு தடித்த புத்தகத்தை வைத்துப் பென்சிலால் கோடு போடுவாள். இரண்டு கோடுகளும் ஒட்டிக்கொண்டே ஏறி வந்தன. மேல் கோடு எப்போதும் என்னுடையது. பதினேழு வயதில் இருவருக்கும் நின்றுபோயிற்று. அவன் ஐந்தடி நாலே கால் அங்குலம். நான் ஐந்தடி நாலரை. எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, மில்லிமீட்டரில் யோசித்தே பழக்கம். கால் அங்குலம் என்பது ஆறு மில்லிமீட்டருக்கும் மேல். அதைச் சின்ன விஷயம் என்று சொல்பவர்கள் ஆறடி ஆட்களாக இருப்பார்கள்.

போன வருடம் தாங்க்ஸ்கிவிங் விருந்தில்தான் கோல்பி விஷயத்தைச் சொன்னான்.

"ரெண்டு தொடை எலும்பையும் அறுத்து உள்ள கம்பி வைப்பாங்களாம்மா. அது ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் நீளுமாம். மூணு மாசத்துக்குள்ள மூணு அங்குலம். செலவுக்கு ட்ரக்க வித்துட்டேன்."

"ஊசியப் பாத்தாலே மயக்கம் போட்டு விழுவ. நீ எலும்ப அறுத்துக்கப் போறியா?" என்றாள் அம்மா. "அந்த உருளைக்கிழங்க இந்தப் பக்கம் தள்ளு."

"ஊசிக்குத்தான்மா பயம். ரம்பத்தப் பத்தி எனக்கு ஒரு அபிப்பிராயமும் இல்ல. அப்ப நான் தூங்கிட்டு இருப்பேன்."

பிறகு என் பக்கம் திரும்பினான். "டேனர், ஒன்பது நிமிஷ அண்ணனா இருந்தது போதும்டா. இனிமே நான்தான் அண்ணன். பயப்படாத, மேல் அலமாரில என்ன வேணும்னாலும் கேளு, எடுத்துத் தரேன்."

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான்.

அடுத்த ஆறு மாதம் அவனைத் தயார் செய்தது நான்தான். இதை அவனே உங்களிடம் சொல்லியிருப்பான். தினமும் காலையில் அவனைத் தரையில் படுக்கவைத்து, காலை நீட்டியபடியே தூக்கித் தலைப்பக்கம் தள்ளுவேன். தசை இளகவில்லை என்றால் எலும்பு நீளும்போது முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடும். சக்கர நாற்காலி நுழையுமா என்று எல்லாக் கதவுகளையும் அளந்தேன். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி பொருத்தினேன். அலுவலகத்தில் யாருக்கும் திடீரென்று தெரியக் கூடாது என்பதற்காக மாதம் ஒரு தடவை அவன் ஷூவுக்குள் கொஞ்சம் கூடுதல் தடிமனில் ஒரு அட்டை வைத்தேன். பனிச்சறுக்கில் விழுந்து கால் உடைந்ததாக அங்கே சொல்வது என்று திட்டம். அவன் வாழ்க்கையில் பனிச்சறுக்குப் பலகையைத் தொட்டதில்லை. எந்த மலை, எந்தச் சரிவு, யார் வந்து தூக்கினார்கள் என்று இரவுச் சாப்பாட்டின்போது குறுக்கு விசாரணை செய்வேன். நன்றாகத் தேறிவிட்டான். உங்களை விடக் கடினமாகக் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

கிளினிக் கொடுத்த கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒன்று இருந்தது. நிகோடின் கூடாது. அது ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், அறுத்த இடத்தில் புது எலும்பு வளராது. கோல்பி கல்லூரி நாளிலிருந்து வேப் என்கிற மின்சிகரெட் பிடிப்பவன், அம்மாவுக்குத் தெரியாமல். அந்தப் பக்கத்தை அவனுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். அன்றைக்கே விட்டுவிட்டான். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், அவன் விட்டுவிட்டான். கைக்கு மட்டும் ஏதாவது வேண்டியிருந்தது. அதனால் நிகோடின் துளியும் இல்லாத புதினா வாசனைத் திரவம் ஒரு புட்டி வாங்கினான். அவன் அதை வேப்பில் ஊற்றினால் பாதி மேஜையில் சிந்தும். ஊற்றித் தருவது என் வேலையாயிற்று. அந்தப் புட்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அறுவைக்கு ஒரு வாரம் முன்னால் நிகோடின் இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுப்பார்கள்.

"நீ போயிட்டு வாயேன்டா," என்றான் கோல்பி. "நான்தான் சுத்தமா விட்டுட்டேனே. யார் ரத்தமா இருந்தா என்ன, எல்லாம் ஒரே சரக்குதான்."

நான் சொல்லவில்லை, அவனாகவே கேட்டான். கேட்பான் என்று எனக்குத் தெரியும்.

அவனுடைய லைசென்ஸை எடுத்துக்கொண்டு போனேன். அந்த கிளினிக்கில் எதற்குப் போனாலும் முதலில் உயரம் பார்ப்பார்கள், அதுவும் மாலை நாலு மணிக்கு மட்டும். காலை உயரம் ஏமாற்றும் என்று அவர்களுக்கும் தெரியும். மார்லீன் என்ற நர்ஸ் என்னை அளவுக் கம்பத்தின் கீழே நிறுத்தினார்.

"நேரா நில்லுங்க, கோல்பி. குதிகால ஒட்டி வைங்க." சட்டத்தைத் தலைவரைக்கும் இறக்கினார். "அட, நாலரை காட்டுது. போன தடவ நாலே கால்தானே? எங்களுக்கு வேலையே வைக்க மாட்டீங்க போலிருக்கே."

"யோகா பண்றேன்," என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தால் போதும். அந்த யோசனை வராமல் இல்லை. ஆனால் அதுவரை யாரும் என்னைக் குறைத்து எழுதியதில்லை, அன்றைக்குத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. கோல்பியின் உயரப் பதிவில் வரிசையாக நாலே கால், நாலே கால், நாலரை, மறுபடி நாலே கால். அந்தத் தாளைத்தான் மேஜையில் என் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறீர்கள். எங்கள் இருவரின் ரத்தத்தையும் எந்த ஆய்வகமும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த ஒரு எண் மட்டும் இல்லையென்றால் நீங்கள் என்னைக் கூப்பிட்டே இருக்க மாட்டீர்கள். நர்ஸ் எழுதியது சரியான அளவு. அவர்மேல் தவறு இல்லை.

புட்டிக்கு வருகிறேன். ஒட்டியிருந்த சீட்டு பூஜ்யம் என்றுதான் சொல்லிற்று. உள்ளே இருந்தது பூஜ்யம் இல்லை. கடையில் கிடைப்பதிலேயே கடுமையான திரவம். அதே புதினா வாசனையில் தேட நாலு கடை ஏறி இறங்கினேன். பாவம், விட்ட பிறகும் ஏன் இந்த ஏக்கம் போகமாட்டேன் என்கிறது என்று அடிக்கடி கேட்பான். மனசுதான்டா காரணம் என்பேன்.

அறுவை நன்றாகவே நடந்தது. தினம் மூன்று வேளை கிளினிக் கொடுத்த காந்தக் கருவியை அவன் தொடைமேல் வைப்பேன்; உள்ளே கம்பி நீளும். புது எலும்பு வளர வளர எக்ஸ்ரேயில் அறுத்த இடைவெளி மெல்ல வெளுக்க வேண்டும். கறுப்பாகவே இருந்தது. நீட்டுவதை இரண்டு அங்குலத்தோடு நிறுத்தினார்கள்.

"புகை உண்டா?" என்றார் டாக்டர்.

"சத்தியமா இல்ல டாக்டர். டேனரக் கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். இல்லை என்றேன். அவன் சொன்னதில் பொய் இல்லை, அவன் அறிந்தவரை.

ஐந்தாவது மாதம் குளியலறையில் வலது கம்பி உடைந்தது. நான் பொருத்திய பிடி உறுதியாகத்தான் இருந்தது, பிடிக்க அவனுக்கு நேரம் இல்லை. உடைந்த இடம் புண்ணாகிச் சீழ் வைத்தது. பத்து நாளில் அந்தக் காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தத்தில் நிகோடின் தெரிந்தது. டாக்டர் அவனைப் பொய்யன் என்று நேரடியாகச் சொல்லவில்லை, ஆனால் சொன்ன மாதிரிதான். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "இப்பவாவது உண்மையச் சொல்லுப்பா, நான் திட்ட மாட்டேன்," என்று கெஞ்சினாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஆபரேஷனைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால் அவனையே ரத்தம் கொடுக்க அனுப்பியிருக்கலாமே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அனுப்பியிருந்தால் தேதியைத் தள்ளி வைத்திருப்பார்கள். இரண்டு மாதம் கழித்து இன்னொரு தேதி வாங்கியிருப்பான். கோல்பி பிடிவாதக்காரன். எலும்பே மறுத்துவிட்டால்தான் அடங்குவான். பொறாமை என்று எழுதாதீர்கள். அவன் இருந்தபடியே அவனை எல்லோருக்கும் பிடிக்கும். அதை அவனுக்குப் புரியவைக்க வேறு யாரும் இல்லை.

சோர்ந்துவிட்டான் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்கு வந்த அன்றே, செயற்கைக் கால் செய்கிறவர் அளவெடுக்க வந்தபோது, கோல்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "இடது கால் ரெண்டு அங்குலம் நீண்டாச்சுடா. இவர் வலத அதுக்குச் சமமாப் பண்ணிடுவாரு. ஒத்தக் கால்ல நின்னாலும் நான்தான் அண்ணன்."

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன். அவன் கணக்கு சரி. ஐந்தடி ஆறே கால்.

ஆனால் இடது கால் எலும்பு இன்னும் கூடவில்லை. கூடினால்தான் நிற்கவே முடியும். அடுத்த எக்ஸ்ரே வெள்ளிக்கிழமை. நீங்கள் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருப்பதாக நான் சொன்னதிலிருந்து அவன் வேப்பைக் கீழே வைக்கவே இல்லை. அதனால் இன்று காலை இங்கே கிளம்புவதற்கு முன்னால் விளிம்புவரை ஊற்றி, அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். அவனை வேறு யார் பார்த்துக்கொள்வார்கள்?