மஞ்சள் வேரும் விட்டுப்போன கடைசி வரியும்

இந்த ஆஸ்பத்திரி வரிசையில யாரு கடைசின்னா கேக்குறீங்க? நான்தாண்ணே. ஆனா எனக்குப் பின்னாடி வேணாம், முன்னாடியே போங்க. அட, பரவால்லண்ணே, எனக்கென்ன அவசரம். காலையில எட்டு மணிலேருந்து யாரு கடைசின்னு கேட்டு வர்றவங்கள எல்லாம் முன்னாடி அனுப்பிட்டுத்தான் இருக்கேன். நாலு பேரு போயிட்டாங்க. இப்படி ஒரு தாராள மனசுக்காரிய தாஷ்கண்ட் பூரா தேடினாலும் கெடைக்காது.

உக்காருங்க. ஜிசாக்லேருந்தா வர்றீங்க? நேத்து அந்தப் பேதி மருந்த மூணு லிட்டரும் குடிச்சீங்களா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நானா? எனக்கு ஒண்ணுமில்ல, அம்பது தாண்டிட்டா குடலுக்குள்ள ஒருவாட்டி கேமரா விட்டுப் பாக்கணும்னாங்க, அதான்.

மடியில என்ன பொட்டலம்? கொஞ்சம் காட்டுங்க. அடடா, ஜிர்க் வேரு! பலோ சோத்துல செவப்பா, புளிப்பா பழம் போடுவோமே, அந்தச் செடியோட வேருதானே. சோர்சு சந்தையில நீல முக்காடு போட்டுக்கிட்டு, தங்கப்பல்லு தெரியச் சிரிக்கிற துர்சுனாய்கிட்டத்தானே வாங்கினீங்க? எப்படித் தெரியும்னா, பொட்டலம் கட்டின தாள்ல மேல ஒரு பேரு இருக்கு பாருங்க. சய்யோரா நிஜாமோவா. அது நான்தான்.

பொய்யில்லண்ணே. ஆராய்ச்சிக்கூடத்துல பத்தொம்பது வருசமா பெருங்குடல் புத்துநோய்ச் செல்லத் தட்டுல போட்டு வளக்குறதுதான் எம் பொழப்பு. ரெண்டு நாளைக்கு ஒருதரம் அதுக்குத் தீனி மாத்தணும், சூடு கொறையக் கூடாது, தூசி படக் கூடாது. அந்தச் செல்லாப் பொறந்திருந்தா நேரத்துக்குச் சோறாவது கெடைச்சிருக்கும்னு எங்க வீட்டுக்காரர் புலம்புவார்.

அந்தத் தட்டுல இந்த வேரோட மஞ்சச் சத்த ஊத்தினோம். உடம்புல எந்தச் செல்லும் கெட்டுப்போனா தானா செத்துப்போறதுக்கு உள்ளயே ஒரு ஏற்பாடு இருக்கு. புத்து செல்லு அத அமுக்கி வச்சுக்கிட்டு பெருகிக்கிட்டே இருக்கும். இந்தச் சத்து போயி அந்த ஏற்பாட்டத் தட்டி எழுப்புது. ரெண்டே நாள்ல பாதிக்குப் பாதி செத்துப்போச்சு. நான் துள்ளின துள்ளல்ல நாற்காலி ஒடஞ்சுது. கட்டுரையும் எழுதினேன், அதோட நகலுதான் உங்க பொட்டலத் தாளு.

இருங்க, அதுக்குள்ள எந்திரிக்காதீங்க. அப்ப கேமரா எதுக்குன்னுதானே? தட்டு வேற, வயிறு வேறண்ணே. தட்டுல சோப்புத்தண்ணி ஊத்தினாலும்தான் சாகும். நாங்க ஊத்தின அளவு உள்ள போயிச் சேரணும்னா எவ்வளவு குடிக்கணும்னு யாருக்கும் தெரியாது. வாயால குடிச்சா ரத்தத்துல ஏறுறதே துளிதான். அதத்தான் கட்டுரையில கடைசி வரியா எழுதினேன்: இது தட்டுல கண்டது மட்டும், நோயாளிக்கு மருந்தாகுமான்னு இனிமேதான் பாக்கணும்னு. உங்க தாள்ல அந்த வரி இருக்கா? இருக்காது. துர்சுனாய் நகல் எடுக்கும்போது வெட்டிட்டா.

சண்டை போடத்தான் போனேன். என் பேர வச்சு நீ ஏன் யாவாரம் பண்றேன்னு கத்தினேன். அவ டீய ஊத்திக் கையில குடுத்து, எல்லாரும் கேட்டுக்கங்க, வேரக் கண்டுபிடிச்ச டாக்டரம்மாவே வந்துட்டாங்கன்னு சந்தைக்கே அறிவிச்சுட்டா. சுத்தி முப்பது பேரு. என்ன பண்றது, ஒரு கிலோ வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

என்ன சொல்றீங்க? வேரக் காய்ச்சிக் குடிச்சதுலேருந்து ரத்தம் போறது கொறஞ்சிருக்கா? எனக்கும் மொத மாசம் அப்படித்தான் இருந்துச்சு.

ஆமா. எனக்கும்னுதான் சொன்னேன்.

எனக்கு ரத்தம் போக ஆரம்பிச்சு எட்டு மாசமாச்சு. மூலம்னு நெனச்சுக்கிட்டேன், அப்புறம் மெளகாய்னு. அப்புறம் எந்தச் சாக்கும் மிஞ்சல. ஊருக்கெல்லாம் தட்டு வேற, வயிறு வேறன்னு சொல்ற நானே, நோய் குடல்லதானே இருக்கு, குடிச்சா நேராப் போயி அது மேலயே படும்ல, ரத்தத்துல ஏறலன்னா என்னன்னு எனக்கு நானே வக்கீலாயிட்டேன். தெனம் மூணு வேளை. கையி, நாக்கு, பல்லு எல்லாம் மஞ்சளாகிப் போச்சு. எடை ஒம்பது கிலோ எறங்கிடுச்சு. கூட வேலை செய்யறவங்க மெலிஞ்சு அழகாயிட்டீங்கன்னாங்க, நானும் சந்தோசமாத்தான் கேட்டுக்கிட்டேன், வெக்கமில்லாம.

இந்த வாசலுக்கு வர்றது மூணாவது தடவண்ணே. மூணு தடவையும் பேதி மருந்து குடிச்சாச்சு. ரெண்டு தடவ இப்படியே எல்லாரையும் முன்னாடி அனுப்பிட்டு, நேரமாச்சுன்னு வீட்டுக்குப் போயி சூப்பு குடிச்சேன். பயம், வேறென்ன. மைக்ராஸ்கோப் கண்ணாடி வழியா அந்தச் செல்லப் பத்தொம்பது வருசமாப் பாத்தவ, எனக்குள்ள அது இருக்குன்னு யாராவது சொல்லிக் கேக்க முடியல.

கதவு தெறக்குது. அடுத்த ஆளு யாருன்னு நர்சு கேக்குறாங்க.

இல்லண்ணே, நீங்க உக்காருங்க. எட்டு மணிக்கு வந்தவ நானு. இந்தப் பையப் பாத்துக்கங்க. உள்ள ஒரு ஃபிளாஸ்க் இருக்கு, இன்னிக்கும் அந்தக் கஷாயத்தக் கொண்டாந்திருக்கேன், கூத்தப் பாருங்க. அத அந்தத் தொட்டியில கொட்டிடுங்க. பொட்டலத்தத் தூக்கிக்கிட்டு ஜிசாக்குக்கு ஓடிடாதீங்க, நான் வெளிய வர்றப்போ நீங்க இங்க இருக்கணும். யாராவது வந்து யாரு கடைசின்னு கேட்டா, நீங்கதான்னு சொல்லுங்க.