டாரின் சந்திப்பில் வைக்கோல் உருளைகள் வைத்தது பற்றி

என் பெயர் மொரீன் லிண்ட்னர். வயது அறுபத்தொன்று. கணவர் பெயர் கிரெயம் லிண்ட்னர். விலாசம்: டாரின் சந்திப்பு, ஹாம்லின் சாலை, வெரிங்கல் வட்டாரம், விக்டோரியா. தொழில் கோதுமை விவசாயமும் ஆடு வளர்ப்பும். இன்று என்னை வெரிங்கல் காவல் நிலையத்துக்கு வரவழைத்து, பொதுச் சாலையில் அனுமதியில்லாமல் தடை ஏற்படுத்தியதாக என் மீது உள்ள புகாரைச் சீனியர் கான்ஸ்டபிள் ரஸ்ஸல் பைக் படித்துக் காட்டினார். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை என்றும் எடுத்துச் சொன்னார். நான் சொல்வதாகச் சொன்னேன். வக்கீல் வேண்டாம் என்றும் சொன்னேன்.

எங்கள் வீட்டு வேலியிலிருந்து பார்த்தால் மேற்படி சந்திப்பு தெரியும். வடக்கு தெற்காகப் போகும் ஹாம்லின் சாலை மாநில அரசுக்குச் சொந்தம். அதை வெட்டிக்கொண்டு போகும் டாரின் சாலை வட்டார கவுன்சிலுக்குச் சொந்தம். டாரின் சாலையில் வருகிறவர்கள்தான் நின்று வழிவிட வேண்டும். அதற்குப் பலகையும் இருக்கிறது. ஆனால் காலையில் மேற்கிலிருந்து வருகிறவர்களுக்கு வெயில் நேராகக் கண்ணில் அடிப்பதால் பலகை தெரியாது, ஓரத்தில் யூகலிப்டஸ் மரங்கள் நெருக்கமாக நிற்பதால் குறுக்கே வரும் வண்டியும் கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரியும். மோதுகிற வண்டிகள் பெரும்பாலும் எங்கள் வேலியை முறித்துக்கொண்டு எங்கள் நிலத்துக்குள்தான் வந்து நிற்கும். சத்தம் கேட்டதும் கிரெயம் தீயணைக்கும் சிலிண்டரை எடுத்துக்கொண்டு ஓடுவார். நான் போர்வைகளை எடுத்துக்கொண்டு ஓடுவேன். அதற்கென்றே கதவருகில் ஒரு கூடையில் போர்வைகள் வைத்திருக்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் வசந்த காலத்தில், எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்க வந்துகொண்டிருந்த கெய்லின் மர்டாக் என்ற இளம் ஆசிரியையின் கார் மேற்படி சந்திப்பில் ஒரு பால் லாரியில் மோதியது. நான் போனபோது அவளுக்கு நினைவு இருந்தது. கார் ரேடியோவில் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கையை உள்ளே விட்டு அதை நிறுத்தினேன். "பிள்ளைங்களுக்கு யாராச்சும் சொல்லுங்க, லேட்டாகும்னு" என்று அவள் சொன்னாள். சொல்வதாகச் சொன்னேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவள் இறந்துவிட்டாள். பின் சீட்டிலிருந்த தக்காளி நாற்றுகள் சாலையெல்லாம் சிதறிக் கிடந்தன. எல்லோரும் போன பிறகு நான் அவற்றைப் பொறுக்கி ஒரு வாளித் தண்ணீரில் போட்டு வைத்தேன். யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. அன்று பணியில் வந்த அதிகாரி ரஸ்ஸல் பைக்தான் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். இந்தப் புகாருக்கு அது தேவையில்லை என்றார். பிறகு எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு நான் கவுன்சில் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தேன். முதல் கூட்டத்தில், பெரிய சாலை மாநிலத்துடையது என்பதால் மாநிலச் சாலைத் துறைக்கு எழுதிக் கேட்பதாகத் தீர்மானித்தார்கள். வழிவிட வேண்டிய சாலை கவுன்சிலுடையது, ஆகவே கவுன்சில்தான் பார்க்க வேண்டும் என்று சாலைத் துறை பதில் எழுதியது. அதன் பிறகு மரங்களை வெட்ட முடியுமா என்று பார்க்கச் சுற்றுச்சூழல் ஆட்கள் வந்தார்கள், கிளிகள் கூடு கட்டும் பொந்துகள் இருப்பதால் வெட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கிளிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதன் பிறகு போக்குவரத்தை எண்ணுவதற்காகச் சாலையின் குறுக்கே ரப்பர் குழாய் போட்டார்கள். அதைப் பள்ளி விடுமுறையில் போட்டார்கள். ஸ்கூல் பஸ் ஓடாத நாளில் என்னத்தை எண்ணுகிறீர்கள் என்று கவுன்சிலின் இன்ஜினியர் டேமியன் ஓக்லியிடம் கேட்டேன்.

"குழாய் அப்பத்தான் சும்மா இருந்துச்சு மொரீன்" என்று அவர் சொன்னார்.

டேமியன் கெட்டவர் இல்லை. அந்தச் சந்திப்பில் ரவுண்டானா வேண்டும் என்று முதலிலிருந்தே சொன்னவர் அவர்தான். அவருக்கு மேல் இருக்கிறவர்கள் அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

அதன் பிறகு ஒரு கூட்டத்தில் பொதுமக்கள் கேள்வி நேரத்தில் நான் எழுந்து பேசியபோது, மேயர் திருமதி டெய்ட்ரி ஃபால்க்னர், "மொரீன், உங்க நேரம் முடிஞ்சுது, உக்காருங்க" என்றார்.

"கெய்லின் நேரமும்தான் முடிஞ்சுது. அவளை யாரும் கேட்டுக்கிட்டு முடிக்கல" என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தேன். பின் வரிசையில் யாரோ கைதட்டினார்கள். மேயர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

போன இலையுதிர் காலத்தில் கவுன்சில் ஒருமனதாக ரவுண்டானாவுக்கு ஒப்புதல் கொடுத்தது. எல்லோரும் கை உயர்த்தினார்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்காக மேயர் என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்று படம் எடுத்துக்கொண்டார். நான் வீட்டுக்கு வந்து கிரெயமிடம் சொன்னபோது அவர், "எழுத்துல இருக்கா, இல்ல படத்துல மட்டும்தானா?" என்று கேட்டார். அவரைத் திட்டினேன். ஆனால் அவர் கேட்டது சரிதான். கவுன்சிலின் ஒப்புதலுக்கு மாநிலச் சாலைத் துறை மறுபடியும் ஒப்புதல் தர வேண்டும் என்பதை அன்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

குளிர்காலம் முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு ஒரு நாள் கவுன்சில் லாரி வந்து, 'இங்கே பாதுகாப்பான சந்திப்பு அமையவிருக்கிறது' என்று ஒரு பெரிய அறிவிப்புப் பலகையை டாரின் சாலையின் மேற்குப் பக்கம் நட்டுவிட்டுப் போனது. அது சரியாக வழிவிடு பலகைக்கு முன்னால் நின்று அதை மறைத்தது. நான் அதே நாளில் போன் செய்தேன். எடுத்த பெண், பலகையை நகர்த்த வேண்டுமானால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், பலகை போட்டவர்கள் வெளி ஒப்பந்தக்காரர்கள் என்றாள். விண்ணப்பித்தேன். மறுபடியும் போன் செய்தேன். டேமியன் விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். ஸ்கூல் பஸ் ஓட்டும் நோயெலின் டாட் எங்கள் வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்தி, "அந்தப் பலகையை நான் பஸ்ஸாலயே இடிச்சுத் தள்ளிடவா? பிள்ளைங்க சந்தோஷப்படுவாங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் கை ஸ்டியரிங்கை விடவே இல்லை.

புகாரில் சொல்லப்பட்ட செவ்வாய்க்கிழமை காலை, கிரெயம் ஆட்டுச் சந்தைக்குப் போன பிறகு, நான் டிராக்டரில் வைக்கோல் உருளைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ச் சந்திப்பின் நடுவில் வட்டமாக வைத்தேன். கொட்டகைக் கூரைக்கு வாங்கிய வெள்ளைப் பெயின்ட்டை அவற்றின் மேல் அடித்தேன். நான்கு பக்கமும் முன்கூட்டியே தெரியும்படி ஆரஞ்சுக் கூம்புகள் வைத்தேன். இதில் என் கணவருக்குப் பங்கில்லை. மாலையில் வந்து பார்த்துவிட்டு அவர் சொன்னது, "நல்ல வைக்கோலையா எடுத்த? மழையில நனைஞ்சது பின்னாடி கிடந்துச்சே" என்பது மட்டும்தான்.

அன்று முழுவதும் நான் வேலிக்கருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வந்த வண்டிகள் எல்லாம் வேகத்தைக் குறைத்து வட்டத்தைச் சுற்றிப் போயின. சிலர் ஹாரன் அடித்துக் கை காட்டினார்கள். ஒருவர் கண்ணாடியை இறக்கி, "என்னா மொரீன், எலெக்‌ஷன்ல நிக்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பஸ் தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதே சமயம் மேற்கிலிருந்து, வெயிலுக்கு எதிராக, டார்சி கெல்லெஹர் என்ற இளைஞர் உர லாரியைக் காலியாக ஓட்டிக்கொண்டு வந்தார். உருளைகளுக்காக வேகத்தைக் குறைத்த நோயெலின், லாரி நிற்காமல் வருவதைப் பார்த்து, பஸ்ஸை நிறுத்திவிட்டாள். லாரி கூம்புகளைத் தள்ளிக்கொண்டு வந்து வைக்கோலில் மோதி, எங்கள் வேலிக்குள் வந்து நின்றது. நான் போர்வையோடு ஓடினேன். டார்சி வைக்கோல் தூசியில் இருமிக்கொண்டு, "நடு ரோட்டுல எவன் ரவுண்டானா வெச்சான்?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அவருக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை நான் மடியில் வைத்திருந்தேன். பஸ்ஸில் பிள்ளைகள் எல்லோரும் ஒரு பக்க ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உருளைகள் இல்லாதிருந்தால் லாரி அந்த நேரத்தில் சந்திப்பின் நடுவில் இருந்திருக்கும், பஸ்ஸும் அங்கேதான் இருந்திருக்கும் என்பது நோயெலின் சொல்வது. உருளைகள் இல்லாதிருந்தால் டார்சிக்கு எலும்பு முறிந்திருக்காது என்பது கவுன்சில் சொல்வது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். டார்சியின் வலிக்கு நான் பொறுப்பு. அதை அவரிடமே ஆஸ்பத்திரியில் சொன்னேன்.

அன்று மதியத்துக்குள் கவுன்சிலின் லோடர் வண்டியும் ஆட்களும் வந்து உருளைகளை அகற்றிவிட்டார்கள். இத்தனை சீக்கிரம் அவர்கள் வந்து நான் பார்த்ததில்லை. அறிவிப்புப் பலகையை எடுக்கச் சொன்னேன். அதற்குத் தங்களுக்கு உத்தரவு இல்லை என்றார்கள்.

நேற்று டேமியன் போன் செய்தார். மாநில நிதிக்குத் தகுதி பெற, ஒரு சந்திப்பில் இத்தனை கடுமையான விபத்துகள் நடந்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம். டாரின் சந்திப்புக்கு இதுவரை ஒன்று குறைவாக இருந்ததாம். டார்சியின் தோள் எலும்போடு அது நிறைந்துவிட்டதாம்.

"இப்ப நமக்குத் தகுதி வந்துருச்சு மொரீன்" என்றார்.

எப்போது வேலை தொடங்கும் என்று கேட்டேன். அடுத்த நிதியாண்டில் பரிசீலிப்பார்கள் என்றார்.

இதே செயலை மறுபடியும் செய்வீர்களா என்று சீனியர் கான்ஸ்டபிள் பைக் என்னைக் கேட்டார். நாளைக் காலை ஸ்கூல் பஸ் ஓடுமா என்று நான் அவரைக் கேட்டேன். ஓடும் என்றார். அப்படியானால் அந்தக் கேள்விக்கு நேரே என் பதிலை எழுதாமல் இடம் விடச் சொன்னேன். அவர் இடம் விட்டிருக்கிறார்.

இதுவரை எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. நான் அறிந்தவரை எல்லாம் உண்மை.

(ஒப்பம்) மொரீன் லிண்ட்னர்
என் முன்னிலையில்: ர. பைக், சீனியர் கான்ஸ்டபிள், வெரிங்கல்